வெண்பாறையின் விளிம்பு

சிரஞ்சீவி மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் பகுதியில், சீஃபர்ட், ஈஸ்ட்போர்ன் ஆகிய இரு ஊர்களுக்கும் இடையே 'செவன் சிஸ்டர்ஸ்' (ஏழு சகோதரியர்) என்னும் வெண்பாறைத் தொடர் கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. இரு ஊர்களிலும் ரயில் நிலையம் இருப்பதால், ஒன்றில் இறங்கி ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நடந்து மற்றொன்றில் ரயிலேறித் திரும்புவது ஒருநாள் நடையாக அமைகிறது. தோழியருடன் அங்கே செல்லவிருக்கும் மருமகள், வழியைக் கேட்டறிவதற்கு முன்னர் அந்தப் பாறையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்பதை அந்த இயல்பே தீர்மானிக்கிறது.

அப்பாறைக்குத் தமிழில் சீமைச்சுண்ணாம்பு என்று பெயர். 8 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, வெதுவெதுப்பான கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கடலடியில் படிந்து இறுகியதே அது. இடையிடையே கருவரிகளாகத் தெரிபவை சக்கிமுக்கிக் கற்கள், அதாவது கடற்பஞ்சு முதலிய உயிர்களின் சிலிக்காவிலிருந்து உருவான கடினமான முண்டுகள். மென்மையான இப்பாறையின் அடியை அலைகள் அரிக்க, மழைநீர் மேலிருந்து பிளவுகளில் இறங்கி எடையைக் கூட்ட, குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து பிளவை அகலமாக்க, ஒருநாள் பாறையின் முகப்பு பெயர்ந்து கடலில் விழுகிறது. விழுந்த இடத்தில் புதிய முகப்பு வெளிப்படுவதால்தான் அந்த வெண்மை மங்குவதில்லை. சரிவு நின்றுபோனால் புல்லும் புதரும் ஏறி, காலப்போக்கில் அது பசுஞ்சரிவாகிவிடும். ஆகவே, காண்போரை அங்கே இழுத்துச் செல்லும் அழகும், அவர்கள் அஞ்ச வேண்டிய ஆபத்தும் வேறுவேறல்ல.

ஆண்டுக்குச் சராசரியாகச் சில பத்து சென்டிமீட்டர் கரை பின்வாங்குகிறது என்று சொல்லப்படுவதைக் கேட்டு எவரும் ஆறுதல் கொள்ளலாகாது. பல ஆண்டுகள் அசையாதிருந்த இடத்தில் ஒரே இரவில் பல மீட்டர் சரிவதே அங்குள்ள வழக்கம். 1999 ஜனவரியில் இதே கரையிலுள்ள பீச்சி ஹெட் முனையில் நிகழ்ந்த பெருஞ்சரிவு அத்தகையது. விளிம்பின் புல்தரை பல இடங்களில் கீழே தாங்கலின்றி வெளியே துருத்தி நிற்கிறது. அதன்மேல் நிற்பவருக்கு அது தெரிவதில்லை, பக்கத்துக் குன்றிலிருந்து பார்ப்பவருக்கே தெரியும். எனவே ஒவ்வொரு குன்றிலும் சற்று நின்று, அடுத்து ஏறவிருக்கும் குன்றின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, அதன்பின் நடப்பது நல்லது. விளிம்பிலிருந்து ஐந்து மீட்டரேனும் விலகி நடக்க வேண்டும். மழைக்கும் உறைபனிக்கும் பிந்திய நாட்களில் இன்னும் விலக வேண்டும். படம் எடுப்பதற்காக விளிம்பில் கால் தொங்கவிட்டு அமர்வோரையும் துள்ளிக் குதிப்போரையும் அங்கே காண நேரும். தோழியருள் எவரேனும் அவ்வாறு செய்ய முனைந்தால், அவர் மனம் நோகுமே என்று தயங்காமல் தடுக்க வேண்டும்.

வழியைப் பொறுத்தவரை, சீஃபர்டில் தொடங்குவதே மேல். அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசுவதால், கிழக்கு நோக்கி நடப்பவருக்கு அது முதுகுப்புறமாகவே இருக்கும். கக்மியர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. நீர் ஆழமற்றதாகத் தோன்றினாலும் இறங்கிக் கடக்க முயலாமல், கடலைவிட்டு உள்ளே எக்ஸீட் பாலம் வரை சென்று திரும்ப வேண்டும். அதன்பின் தொடங்கும் ஏற்ற இறக்கங்களே நடையின் கடினமான பகுதி. பனியுகத்தில் நிலத்தடி உறைந்திருந்தபோது, உருகிய நீர் உட்புக வழியின்றி மேலோடி அறுத்த பள்ளங்கள், பனி நீங்கியபின் நீரின்றி வறண்டன. 'வறண்ட பள்ளத்தாக்கு' எனப்படும் அவற்றைப் பின்னர் கடல் குறுக்கே வெட்டியதால்தான் கரை அலையலையாக எழுந்து தாழ்கிறது. அங்கே நிழல் இல்லை, குடிநீர் இல்லை. நனைந்த சுண்ணாம்புத் தடமோ சோப்புக்கட்டிபோல வழுக்கும். பர்லிங் கேப் என்னுமிடத்தில் கடற்கரைக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. ஆனால் ஓதம், அதாவது கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி வற்றுவது, எந்நேரத்தில் ஏறும் என்று அறியாமல் பாறையடியில் நடப்பவர் திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொள்வார். இடர் நேர்ந்தால் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவலரைக் கேட்க வேண்டும்.

பர்லிங் கேப்பைத் தாண்டியதும் பெல் டவுட் கலங்கரைவிளக்கம் வரும். மூடுபனி அதன் ஒளியை மறைத்ததாலும் கரை தேய்ந்து வந்ததாலும் அது கைவிடப்பட்டு, 1902இல் பீச்சி ஹெட் முனைக்குக் கீழே, கடலிலேயே புதியது எழுப்பப்பட்டது. பழைய கட்டடத்தை 1999இல் ஜாக்கிகளால் அப்படியே தூக்கி, 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தனர். அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட்டைக் கடந்தால் ஈஸ்ட்போர்ன் வந்துவிடும்.

ஏழு குன்றுகளும் ஒருசேரத் தெரிவது அவற்றின் மேலிருந்தல்ல, கக்மியர் ஆற்றின் மேற்கரையில், கடலோரக் காவலர்க்கென்று கட்டப்பட்ட பழைய வீடுகளுக்கு மேலுள்ள சரிவிலிருந்துதான். மாமாவுக்கு அனுப்பும் படத்தை அங்கேயே, காலை வெயிலில் எடுத்துவிட்டால் போதும்.