நஞ்சுக்கொடி விழும்வரை கன்று காத்திருக்கலாமா?

பசு கன்று ஈன்றால் வீடே மகிழும். அக்கன்று ஒரு வாரத்தில் கழிச்சல் கண்டு இறந்தால் நாட்டுப் பசு பால் சுரக்கவும் மறுக்கும். நஞ்சுக்கொடி விழுந்த பின்பே சீம்பால் ஊட்டும் வழக்கம் இத்தகைய இழப்புக்கு ஒரு காரணம். கருப்பையில் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. சீம்பால் மூலமே கிடைக்கிறது. அதைக் குடல் ஏற்கும் திறன் மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். எனவே பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்க வேண்டும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், பல வேளையாகக் கொடுக்கலாம். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தடவவும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால், கையால் இழுக்காமல் கால்நடை மருத்துவரை அழைப்பது நலம்.