பூச்சுக்கு முன்னால் இதைப் பார்த்துவிடு, தங்கச்சி

டைல்ஸ் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ராஜபாளையம் வீட்டில் கொத்தனார் பூச்சைத் தொடங்குவதற்கு முன்னால், வெளியே மீட்டரில் ஆரம்பித்து உள்ளே டி.பி. பாக்ஸ் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை ஒருமுறை நடந்து பார். ஈ.பி.காரர்களின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடும். எலக்ட்ரீஷியனின் அக்கறையெல்லாம் அறைக்குள் இருக்கும் சுவிட்ச் போர்டில். நடுவில் ஓடும் வயரைக் கேட்பாரில்லை. ஆனால் உள்ளே மெயினை அணைத்தாலும் அந்த வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். நாளைக்கு அதே சுவரில் காலண்டருக்கு ஆணி அடிக்கப்போவது உன் வீட்டுக்காரர்தான்! அதனால் காடி வெட்டிப் பைப் பதித்ததும், பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து போனில் படம் எடுத்துக்கொள்.

மீட்டருக்கு அடுத்தே ஒரு டபுள் போல் எம்.சி.பி. போடச் சொல். மீட்டர் கேட் பக்கமும் வீடு பின்னாலும் இருந்தால் இது கட்டாயம். அவ்வளவு தூரத்துக்குத் தரைக்கடியில் கொண்டுபோவதாக இருந்தால் ஆர்மர்டு கேபிள்தான் சரி. முக்கால் மீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல் வரிசை. மண்வெட்டி முதலில் செங்கலில் படட்டும்.

சுவரைத் துளைத்து வரும் பைப், வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் வயரையும் பைப் வாய்க்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு ஏற்றி உள்ளே நுழைக்கணும். ஐப்பசிச் சாரல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே டி.பி.க்குள் வந்துவிடும். வேலை முடிந்ததும் பைப் வாயை சிலிக்கான் வைத்து அடைத்துவிடு. எறும்பும் பல்லியும் உள்ளே போனால் அப்புறம் அவற்றோடு மல்லுக்கட்ட முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீடு என்றால் கதை வேறு. திண்ணையில் மீட்டர், கடைசியில் அடுப்படி, நடுவில் நீளமான வீடு. அங்கே காரைச் சுவரை வெட்டிக் காடி எடுக்காதே, உதிர்ந்துகொண்டே இருக்கும். பைப்பை வெளியே தெரிகிற மாதிரி கிளாம்ப் அடித்துக் கொண்டுபோ. மர உத்திரத்தோடு வயரைக் கட்டவிடாதே. அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

வயர் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். சிங்கிள் பேஸ், ஒரு ஏ.சி., ஹீட்டர், மோட்டார் உள்ள வீட்டுக்கு மீட்டரிலிருந்து டி.பி. வரை 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், 32 ஆம்பியர் எம்.சி.பி. போடலாம். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று அதை மட்டும் பெரிதாக மாற்ற வந்தால் விடாதே. அது காப்பது வயரை, ஏ.சி.யை இல்லை. மீட்டரிலிருந்து டி.பி. வரை வயரில் நடு ஜாயின்ட் கூடாது. அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடம் சூடாகி ஒருநாள் கருகும்.

எர்த் உன் சொந்தப் பொறுப்பு. நியூட்ரலையே எர்த்தாக இழுத்துக் கொடுக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடு. கரிசல் மண் கோடையில் வெடித்துக் காயும். பங்குனி, சித்திரையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்று. கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. டி.பி.யில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்து, விழாவிட்டால் மாற்று.

மீட்டரின் சீலையும் போஸ்ட் பக்க வயரையும் நம் ஆள் தொடக்கூடாது. இடம் மாற்றணும் என்றால் ஈ.பி.யிடம் விண்ணப்பித்துவிடு. தீப்பொறி, கருகல் வாசனை வந்தால் கூப்பிட ஈ.பி.யின் மின்னகம் புகார் எண் 94987 94987. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் இந்த எண்ணை இன்றைக்கே எழுதி ஒட்டிவை.