இரு கதிர்க்குருவிகள்: ஓர் ஒப்பீடு

குமணன்சாவடியில் எங்கள் வீட்டிற்குப் பின்னால் ஒரு தரிசு வயல் இருந்தது. அங்கும் எங்கள் தோட்டத்துச் செம்பருத்தியிலும் வாலை நிமிர்த்தித் திரிந்த சிறு பறவைகளை, சென்ற ஆண்டு, "கதிர்க்குருவி" என்றே என் களக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். "புருவக்கோடு இருந்ததா?" என்று பேராசிரியர் ஒருநாள் கேட்டார். விடையின்றி நின்றேன். அதன் பின்னரே அவை இரு வேறு இனங்கள் என அறிந்தேன்.

பெயர்: இரண்டும் பிரினியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தக்காணத்துப் பறவைகளை ஆராய்ந்த சைக்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியே 1832-இல் இரண்டையும் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். சாம்பல் கதிர்க்குருவி பிரினியா சோசியாலிஸ். சாதாக் கதிர்க்குருவி பிரினியா இனார்னேட்டா. 'இனார்னேட்டா' என்பதற்கு 'அணியற்றது' என்று பொருள்.

உருவம்: இரண்டும் ஏறத்தாழ 13 செ.மீ. நீளமுள்ளவை, இரண்டிற்கும் வால் நீளம். சாம்பல் இனத்தின் தலை கருஞ்சாம்பல்; வயிறு வெளிர்செம்மை. சாதா இனத்தின் முதுகு மங்கிய பழுப்பு. கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு உண்டு.

குரல்: சாம்பல் இனம் "ஜிம்மி, ஜிம்மி" என்பதுபோல் பாடும், பறக்கையில் 'சடசட' என்னும் ஒலியும் கேட்கும். சாதா இனத்தின் பாட்டு, பூச்சி இரைவது போன்ற வறண்ட ஒலி.

கூடு: வியப்பிற்குரிய வேறுபாடு இங்கேதான். சாம்பல் இனம் பெரும்பாலும் தையல்சிட்டைப் போல இலைகளைச் சேர்த்துத் தைக்கும். முட்டை பளபளக்கும் செங்கல் நிறம். சாதா இனம் புல்லைக் கிழித்து இழையாக்கி, உயர்ந்த புல்லிலோ பயிரிலோ பைபோல் கூடு நெய்யும். முட்டை நீலப்பச்சை, மேலே பழுப்புக் கறைகள். ஒன்று தையற்காரர்; மற்றொன்று நெசவாளர்.

முடிவுரை: இலையைத் தைப்பதற்குத் தோட்டத்துச் செடி ஒன்று போதும். நெய்வதற்கோ புல்வெளி வேண்டும். இன்று அவ்வயலில் மனைக்கற்கள் நடப்பட்டுள்ளன. செம்பருத்தியில் சாம்பல் இனத்தை இன்றும் காண்கிறேன். சாதா இனத்தை இவ்வாண்டு ஒருநாளும் கண்டிலேன். முன்பு அவ்வயலில் எத்தனை இருந்தன என்று பார்க்கப் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். பக்கந்தோறும் "கதிர்க்குருவி" என்றே இருக்கிறது. உள்ளபோது பிரித்தறியாதவன், போனபின் எதை இழந்தான் என்று கணக்குக் காட்ட இயலாது. மாணவ நண்பர்களே, குறிப்பேட்டில் முழுப் பெயரை எழுதுங்கள்!