ஆடிக் காற்றிலும் பந்து ஆடலாம்: வீட்டுக்கு வீடு சில குறிப்புகள்

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொடியில் போட்ட துண்டு பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கும், பிள்ளைகள் அடித்த ஷட்டில் காக் எதிர்வீட்டு ஓட்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் கையில் செல்போன் வந்துவிடுகிறது.

என் தம்பி சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை தூக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். கடல் காற்று அடிக்கும்போது அங்கே பெரியவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று அவன் சொன்னதையெல்லாம் எங்கள் நெல் களத்தில் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். நம் ஊரில் கோல்ஃப் மைதானம் இல்லாவிட்டால் என்ன? கிட்டிப்புள், பூப்பந்து, ஷட்டில் எல்லாவற்றுக்கும் அடிப்பது அதே காற்றுதானே!

1. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் தரை சூடாகச் சூடாகத்தான் காற்று பலம் பிடிக்கும், பிற்பகலில்தான் அதன் முழு ஆட்டம். நேரத்தை மாற்றிய முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டில் காக் தொலைவது பாதியாகக் குறைந்துவிட்டது.

2. ஆனி, ஆடியில் செஞ்சிப் பக்கமிருந்து மேல்காற்று வரும். சித்திரை, வைகாசி மதியங்களில் மரக்காணம் பக்கமிருந்து கடல் காற்று வரும். இரண்டுமே கிழக்கு மேற்காக ஓடுவதால், வலை கட்டும்போது ஆடுகளத்தின் நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும். காற்று இரண்டு கட்சிக்கும் சமமாகப் பக்கவாட்டில் அடிக்கும், சாயங்கால வெயிலும் யார் கண்ணிலும் நேராகக் குத்தாது.

3. கோல்ஃப் ஆடுபவர்கள் அடிப்பதற்கு முன்பு ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளி மேலே தூவிப் பார்ப்பார்களாம். நெல் தூற்றுகிற நமக்கு இது புதுசா என்ன? ஒரு பிடி பதரோ, மல்லாட்டைத் தோலோ போதும். தூவிய கையோடு தென்னை உச்சியையும் ஒரு பார்வை பாருங்கள், கீழே அசைவில்லாத நேரத்திலும் மேலே ஓலை படபடக்கும். உயர்த்தி அடித்த பந்து மாட்டுவது அங்கேதான்.

4. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: காற்று பலமாக இருந்தால் கை மெதுவாகப் போக வேண்டும். நாம் நினைப்பது இதற்கு நேர் எதிர். காற்று அடிக்கிறதே என்று ஓங்கி அடித்தால் கோல்ஃப் பந்து பின்பக்கமாக அதிகம் சுழலும். அந்தச் சுழல் பந்தை மேலே மேலே ஏற்றிவிடும், மேலே போனது காற்றின் கைக்குப் போய்விடும். அதனால் தேர்ந்தவர்கள் வழக்கத்தைவிட ஒரு படி நீளமான மட்டையை எடுத்து, முக்கால் வீச்சில் தாழ்வாக அடிப்பார்கள். என் பெரிய பையன் இதை ஒப்புக்கொள்ளவே ஒரு மாதம் ஆனது. மெதுவாக அடித்த பந்து, ஓங்கி அடித்த பந்தைத் தாண்டிப் போய் நின்ற அன்றுதான் நம்பினான்.

5. எதிர்க்காற்றில் குறைகிற தூரம், அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் கூடுகிற தூரத்தைவிட அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு நான்கு மடங்காகும். மயிலம் ரோட்டில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கணக்கே வேண்டாம், தொடையே சொல்லும்.

6. வீட்டிலேயே கோல்ஃப் வேண்டுமா? தேங்காய்க் கொட்டாங்கச்சியைத் தரை மட்டத்துக்குப் புதைத்தால் குழி தயார். நிஜ கோல்ஃப் குழியின் வாய் நாலேகால் அங்குலம், பெரிய தேங்காயின் மூடியும் ஏறக்குறைய அவ்வளவுதான். கண் உள்ள மூடியாகப் பார்த்துப் புதையுங்கள், ஒரு கண்ணை ஆணியால் குத்திவிட்டால் மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும்.

7. மட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். திண்டிவனத்தின் பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள், ஒரு வளைந்த புளியங்கிளை கிடைக்காமலா போகும்? கசாப்புக் கடைக் கட்டையே புளியில்தான் செய்கிறார்கள், அவ்வளவு உறுதி. பட்டையை உரித்து நிழலில் காய வைத்து, பிடிக்கு மட்டும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை.

8. காற்று நாளில் சின்னதாகவும் கனமாகவும் இருக்கிற பந்தே நல்லது. கோல்ஃப் பந்து நாலே சொச்சம் சென்டிமீட்டர்தான், ஆனால் எடை 46 கிராமுக்குப் பக்கம். ஷட்டில் காக் வெறும் 5 கிராம், அதைக் காற்று சும்மா விடுமா? தரையில் உருட்டி ஆடும் வீட்டு கோல்ஃபுக்குப் பழைய டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள், கனம் கூடி நேராக ஓடும்.

9. பந்தை நிறுத்தி அடிக்க ஈர மணலைக் கிள்ளி ஒரு சின்னக் குவியல் வைத்தால் போதும். மர முளை புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்களும் இப்படி மணலைப் பிடித்து வைத்துத்தான் அடித்தார்கள். எதிர்க்காற்றில் குவியலைத் தாழ்வாக வையுங்கள், பந்தும் தாழ்ந்தே போகும்.

10. குழிக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டும்போதுதான் காற்று உடம்பையே ஆட்டும். காலைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நின்றால் அசைவு நின்றுவிடும். பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளட்டும், லுங்கியை மடித்துக் கட்டியவர்கள் இன்னொரு சுற்றுச் சொருகிக்கொள்ளட்டும்.

11. ஷட்டில் ஆடியே தீருவேன் என்கிற பிள்ளைகளுக்கு நைலான் காக் வாங்கிக் கொடுங்கள், இறகு காக் காற்றில் வீண் செலவு. நைலான் காக்கின் உள்பக்கம், தக்கையின் மேல் நாலு சொட்டு மெழுகுவர்த்தி மெழுகை விட்டால் தலை கனத்துச் சீக்கிரம் இறங்கும்.

12. இறகு காக்தான் இருக்கிறது என்றால், மேல்காற்றின் வறட்சியில் இறகு மொறமொறவென்று உடைந்துவிடும். முதல் நாள் ராத்திரி இட்லிப் பானை ஆவியில் இறகுப் பக்கத்தை மட்டும் சில விநாடி காட்டிவிட்டு, டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். தக்கையில் ஆவி படக் கூடாது, பசை விட்டுவிடும்.

13. வெட்டவெளியில் ஆடுவதற்கென்றே உலக பேட்மிண்டன் சம்மேளனம் 2019-ல் ஒரு புதுவகை காக்கைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே பூப்பந்து இருக்கிறது! தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம், பக்கத்துக்கு ஐந்து பேர், கம்பளி நூல் பந்து 27 முதல் 30 கிராம். என் ஓட்டு பூப்பந்துக்குத்தான். ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் ஆடலாம், பந்தும் காக் மாதிரி இரண்டு நாளில் பிய்ந்து போகாது. பனியிலோ ஈரத்திலோ நனைந்த பந்தை மட்டும் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.

14. வலைக்குப் பதிலாகப் பழைய புடவையைக் கட்டினால் பாய்மரம் மாதிரி உப்பி, கம்பத்தையே சாய்த்துவிடும். மரக்காணம் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் கிழிந்த மீன் வலை கேளுங்கள், கண் வழியே காற்று போய்விடும். அடி ஓரத்தில் மணல் நிரப்பிய சின்னப் பாட்டில்கள் நாலைத் தொங்கவிட்டால் வலை துள்ளாது.

15. சவுக்குத் தோப்புக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, அதன் மறைவை இலவச மதிலாக வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமான மர வரிசை தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். 30 அடிச் சவுக்கு என்றால் 300 அடிக்கு ஆதரவு. மேல்காற்றுக்குத் தோப்பின் கிழக்குப் பக்கம் ஆட வேண்டும். தென்னந்தோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், காய்ந்த மட்டை எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்?

16. காற்று நாளில் கிட்டிப்புள் ஆடினால், காற்று போகிற திசையில் வாண்டுகளை நிற்க விடாதீர்கள். புள் நினைத்ததைவிடத் தள்ளிப் போய் விழும், கண்ணில் பட்டால் ஆயுளுக்கும் வேதனை. புள்ளின் இரண்டு முனையையும் ஊசியாகச் சீவாமல், கொஞ்சம் மழுக்கிவிட்டாலும் நன்றாகவே எழும்பும்.

17. கண்ணில் தூசி விழுந்தால் கசக்கக் கூடாது, சுத்தமான தண்ணீரில் கண்ணை விழித்துக் கழுவினால் போதும். ஒரு பாட்டில் குடிதண்ணீர் இதற்கென்றே களத்து ஓரம் இருக்கட்டும்.

18. காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். அரை மணிக்கு ஒரு தரம் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் கொடுங்கள்.

19. பந்தோ காக்கோ மின்கம்பியில் மாட்டினால் அது போனது போனதுதான். கம்பு, தொரட்டி, துணிக்கொடிக் கம்பி எதையும் எடுத்துத் தட்ட விடாதீர்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி எடுப்பதும் அப்படித்தான், இதில் மட்டும் எங்கள் வீட்டில் கெஞ்சலுக்கு இடமே இல்லை.

20. இடி கேட்டதும் கோல்ஃப் மைதானங்களில் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். நாமும் அப்படியே செய்வோம். மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குள் வந்து, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே போகலாம். புயல் எச்சரிக்கை வந்தாலோ விளையாட்டுப் பேச்சே கூடாது. 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் கடைசியில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டிய ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் நம்முடையது. வலை, கம்பம், பாட்டில் எல்லாவற்றையும் முதல் நாளே கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

21. ஜெயிப்பதற்குக் கணக்கு இப்படி வையுங்கள்: யார் குறைந்த அடியில் குழியில் போடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஓங்கி அடிக்கிற பெரிய பிள்ளைக்கும் மெல்லத் தட்டுகிற சின்னப் பிள்ளைக்கும் இதில் வித்தியாசமே தெரியாது. எங்கள் வீட்டில் ஆடிக் காற்றில் அடிக்கடி ஜெயிப்பது எட்டு வயதுக் கடைக்குட்டிதான், ஏனென்றால் அவளுக்கு ஓங்கி அடிக்கவே வராது.

கோல்ஃப் மைதானத்துக்கு ஒன்பது குழி அல்லது பதினெட்டுக் குழி கணக்கு. எங்கள் களத்தில் இதுவரை ஏழு ஆகியிருக்கிறது. நீங்களும் நாளைக்குச் சட்னிக்குத் தேங்காய் உடைத்தால், கண் உள்ள மூடியைத் துருவிய பிறகு குப்பையில் போடாமல் கழுவி எடுத்து வையுங்கள்.