பூச்சிநாசினியும் நீரிழிவும்

பாலாவிச் சந்தியினின்று கற்பிட்டி செல்வோர் மணற்றோட்டங்களிற் பூச்சிநாசினி தெளிப்பதைக் காண்பர். தெளிப்போன் மூக்கை மூடுவான்; வயிற்றை எண்ணான். நீரிழிவென்றதும் சீனியையும் சோம்பலையும் பழிப்பதே நம் வழக்கம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட முடிவு வேறொன்றையும் சுட்டிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களிற் சேதனப் பொசுபரசு நாசினிகளோடு இடையறாது பழகியோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேரும், பழகாதோருள் 6 பேரும் நீரிழிவுற்றிருந்தனர். இக்கணக்கு மட்டும் காரணத்தை நிறுவாது. ஆதலின் சுண்டெலிகளுக்கு மொனோகுரோட்டோபொசு என்னும் நாசினியை 180 நாள் ஊட்டினர். குடற் பற்றீரியாக்கள் அதனைச் சிதைக்க அசற்றேற்று உண்டாயிற்று. ஈரல் அதனின்று குளுக்கோசை ஆக்கி இரத்தத்திற் சேர்த்தது. சீனி தின்னாமலே சீனி ஏறிற்று!

இலங்கை அந்நாசினியை 1995இல் விலக்கியது. நஞ்சருந்தி மாண்டோர் தொகையே அதற்குக் காரணம், நீரிழிவன்று.