பருவங்கள் மாறுதலைப் பாலருக்குக் கற்பிக்குமாறு

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என நான்கு பருவங்களைத் தடையின்றி ஒப்புவிக்கும் கொழும்புப் பிள்ளையை, “இவற்றுள் நீ கண்டது எது?” என வினவின், அவன் வாளாவிருப்பான். யாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளிலும் எம் வாசகப் புத்தகத்திற் பனி மூடிய மரமே வரையப்பட்டிருந்தது. எழுதியோரைக் குறைகூறற்கில்லை, அவர் தம் நாட்டிற் கண்டதை எழுதினர். எம் முன்னோர் வகுத்த கார், கூதிர் முதலிய ஆறும் கொழும்புக்கு முற்றும் பொருந்தா. காருக்குரிய ஆவணியினும் வைகாசியிலன்றோ இங்கு மழை மிகுதி! ஆதலின் உபாத்தியாயர்கள் புத்தகத்தை மூடிவைத்து, முற்றத்து நிழலிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மட்டமான தரையில் 10 அங்குலக் கோலொன்றைச் செங்குத்தாக நாட்டுக. கொழும்பில் உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கன்று, அதன்மேற் பத்து நிமிடமளவில் வரும். டிசெம்பர் 21ஆந் திகதியளவில் உச்சி நிழல் வடக்கே ஏறத்தாழ 6 அங்குலம் நீளும். ஏப்பிரில் 7ஆந் திகதியளவில் நிழலே இராது. யூன் 21ஆந் திகதியளவில் தெற்கே 3 அங்குலம் விழும். செப்டெம்பர் முதல் வாரத்தில் மீண்டும் மறையும். நிழல் தெற்கே விழக் கண்ட பிள்ளை, சூரியன் வடக்கே போயிற்று என்று தானே சொல்லுவான். அச்சொல்லே பாடத்தின் வித்து.

பூமி சூரியனுக்கு அணித்தாதலும் சேய்த்தாதலுமே காரணம் எனக் கருதுவோர் பிள்ளைகளுள் மாத்திரமன்றி உபாத்தியாயருள்ளும் உளர். பூமி ஜனவரித் தொடக்கத்தில் 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தும், யூலைத் தொடக்கத்தில் 15 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தும் நிற்கின்றது. அணித்தாய் நிற்கும் ஜனவரியிலேதான் இலண்டன் குளிரால் நடுங்குகின்றது.

உண்மைக் காரணம் அச்சின் சாய்வு. ஒரு தோடம்பழத்தில் ஈர்க்கைக் குத்தி, ஏறத்தாழ 23½ பாகை சாய்த்துப் பிடித்து, இருண்ட அறையில் விளக்கைச் சுற்றிவருக. ஈர்க்கின் நுனி எப்பொழுதும் அறையின் ஒரே மூலையை நோக்குதல் வேண்டும். பலர் நடக்குந்தோறும் நுனியை விளக்கின் பக்கமே திருப்பிவிடுவர். அங்ஙனஞ் செய்யின் பருவமே மாறாது, பாடமுங் கெடும். நேரே பிடித்துவரின், ஒருபுறத்தில் மேற்பாதியும் மறுபுறத்திற் கீழ்ப்பாதியும் விளக்கை நோக்கிச் சாய்தல் தெளிவாகும்.

இலண்டனிற் பகல் 16½ மணிநேரத்துக்கு நீண்டு, 8 மணிக்குங் குறைகின்றது. கொழும்பிலோ நெடும்பகல் 12½ மணி, குறும்பகல் 11¾ மணி. ஆதலால் எமக்குப் பருவம் வெயிலால் அமைந்திலது. காற்றாலும் மழையாலும் அமைந்தது. அவற்றையும் ஏவுவது அச்சாய்வே. சூரியன் வடக்கே செல்ல, ஆசியப் பெருநிலம் கடலினும் மிகக் காய்ந்து, அதன்மேற் காற்று எழும்புகின்றது. அவ்விடத்தை நிரப்பத் தென்கடலினின்று ஈரக்காற்று விரைந்து வந்து, மலைநாட்டில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, மேற்குப்புறத்திற் பொழிகின்றது. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறக்கும் களனி கங்கை பெருக்கெடுப்பது இதனால். 2016 மே மாத வெள்ளத்தைக் கொழும்பார் மறவார். அம்மலை யாத்திரையும் மார்கழிப் பூரணையிற் தொடங்கி வைகாசிப் பூரணையோடு முடிகின்றது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவரைச் சொல்லுக. 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த அச்சுவர் இக்காற்றின் அலைக்கு அஞ்சியே எழுந்தது. வெள்ளவத்தையார்க்கு இருப்புப்பாதையோரக் கடலின் சீற்றமே போதும். இதே காற்று மலைகடந்து மட்டக்களப்பை அடையுமுன் ஈரமிழந்து வறளும். யாழ்ப்பாணத்திலோ அது தடுக்கும் மலையின்மையால் மழையின்றிச் சோளகமாய் வீசும். மார்கழியிற் பெருநிலங் குளிரக் காற்றுத் திரும்பி, வடக்குங் கிழக்கும் நனையும்.

இனி ஒரு வினா எழும். “புத்தகம் டிசெம்பரிலே சூரியன் திரும்புகிறது என்கிறது, அப்பு தைப்பொங்கலன்று என்கிறார். எவர் சொல் மெய், ஐயா?” இங்கே உபாத்தியாயர் நகைப்பின், பிள்ளை தன் வீட்டை இகழக் கற்பான், சீறின், பள்ளியை ஐயுறக் கற்பான். இரண்டும் எம் பாடசாலைகள் எழுந்த நோக்கத்துக்கு மாறு. விடை உண்டு. ஈர்க்கின் நுனி ஒரே மூலையை நோக்கும் என்றோம். அஃது ஒருவர் வாழ்நாளளவில் உண்மை. பூமியச்சோ பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுழன்று, ஏறத்தாழ 26,000 ஆண்டிற்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. எமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை எல்லையாகக்கொண்டு சூரியன் மகரத்திற் புகும் நாளைக் கணிக்கின்றது. புத்தகம் சூரியன் தென்கோடியினின்று திரும்பும் நாளைச் சொல்லுகின்றது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளாயிருந்தன. எழுபது ஆண்டுக்கு ஒருநாளளவாக விலகி, இன்று இடைவெளி 24 நாளளவாயிற்று.

கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனை விரித்தல் வேண்டா. தைப்பொங்கலன்று வீட்டு முற்றத்திலே கோல் நாட்டி அளந்துவரச் சொல்லுக. நிழல் டிசெம்பரில் இருந்ததினும் அரை அங்குலங் குறைந்திருக்கும்.