காணிக் கடதாசியும் மின்னஞ்சல் பெட்டியும்

1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட பல குடும்பங்கள், உடுப்பை விட்டாலும் காணி உறுதியை விடாமல் கொண்டுவந்தன. இப்போது மயிலிட்டியிலோ பலாலியிலோ வளவைத் துப்புரவாக்கத் தொடங்கியிருக்கும் உங்களில் அநேகரிடம் இன்னொரு பெட்டியும் இருக்கிறது. அது கைத்தொலைபேசிக்குள் இருக்கும் மின்னஞ்சல் பெட்டி. கனடாவிலுள்ள அண்ணன் அனுப்பிய உறுதிப் பிரதி, மகளின் வேலை விண்ணப்பம், கடை விளம்பரம் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன.

முதலில் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் வேறொருவர் திறந்து தந்த கணக்காக இருக்கலாம். மீட்புக்குக் கொடுத்த தொலைபேசி இலக்கம் பழைய சிம் அட்டையினுடையது என்றால் இன்றே மாற்றுங்கள். கடவுச்சொல் மறந்துபோனால் குறியீடு அந்த இலக்கத்துக்குத்தான் போகும். இரண்டு ஆண்டுகள் திறக்காமல் விடப்பட்ட கணக்கைக் கூகுள் அழித்துவிடவும் கூடும்.

பிறகு லேபிள்கள். காணி, வீடு, பிள்ளைகள், வேலை என நான்கு போதும். இருபது வைத்தால் எதை எங்கே போட்டோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். கடிதத்துக்கு லேபிள் இட்டு, ‘காப்பகம்’ என்பதை அழுத்துங்கள். கடிதம் அழியாது, முன்பக்கத்திலிருந்து விலகி நிற்கும். முன்பக்கத்தில் இன்னும் பதில் எழுத வேண்டியவை மட்டும் இருக்கட்டும்.

உறுதிப் பிரதி ‘ஸ்கேன் 001’ என்ற பெயரில் வந்திருந்தால் பின்னர் தேடிப் பிடிப்பது கடினம். அதை உங்களுக்கே திரும்ப அனுப்பி, தலைப்பில் காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். மூல உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கப் போகும்போது உங்களுக்குத் தேவைப்படும் விபரங்களும் இவைதான். மின்னஞ்சலில் உள்ள படம் மூல உறுதிக்கு ஈடாகாது.

வேலைத்தலம் தந்த முகவரிக்குக் காணி விடயங்களை எடுக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்தால் அந்தக் கணக்கும் மூடப்படும், உள்ளிருப்பவையும் போய்விடும். எங்களைப் போன்ற நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திகதி முக்கியமான கடிதங்களும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் காணி பற்றி அரச அலுவலகம் ஒன்றிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். கிடைத்ததற்கான ஒப்புதலை ‘காணி’ லேபிளில் வையுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்ய உங்களுக்கு இருப்பதும் 14 நாட்கள்தான். மறுப்புக் கடிதம் விளம்பரங்களுக்குள் புதைந்து கிடந்தால் அந்த நாட்கள் தெரியாமலே ஓடிவிடும். ஸ்பாம் பகுதியையும் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஜிமெயிலில் அங்கு விழுந்தவை 30 நாட்களில் தாமாக அழியும்.

‘வீட்டுத்திட்டத்துக்குத் தெரிவாகிவிட்டீர்கள், முற்பணம் அனுப்புங்கள்’ என்று வருவதை நம்பாதீர்கள். கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேட்டுப் பாருங்கள். வங்கி இரகசிய இலக்கத்தை யாருக்கும் எழுத வேண்டாம்.

உறுதியைக் கடையில் ஸ்கேன் செய்வித்தால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, கடைக் கணினியில் பதிந்த பிரதியையும் அழிப்பித்துவிட்டு எழும்புங்கள். மூல உறுதியை இயந்திரத்தின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.